மைனஸ் 80 ஃப்ரீசர்: பழையதைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா, வாங்கினால் எது?

பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓடிய ஒரு மைனஸ் 80 ஃப்ரீசர், அதாவது ஆய்வக மாதிரிகளை மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் உறையவைத்துக் காக்கும் பெட்டி. கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார் சர்வீஸ் பொறியாளர். மாற்றித் தர ஒரு கொட்டேஷன் கையில் இருக்கிறது. இன்னொரு பக்கம் திட்ட நிதியில் கொஞ்சம் பணம் மிச்சம், அதை மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும். உள்ளே இருந்த பெட்டிகள் பக்கத்துத் துறையின் ஃப்ரீசரில் தற்காலிகமாக ஒண்டிக்கொண்டிருக்கின்றன. அவர்களும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வார்கள்? இங்கே உயிரியல் ஆய்வகம் நடத்தும் பலருக்கும் இந்த நிலை தெரிந்ததுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழையதைச் சரிசெய்ய வேண்டாம். ஹைட்ரோகார்பன் (புரொப்பேன், ஈத்தேன்) வாயுவில் ஓடும் இரட்டைக் கம்ப்ரசர் ஃப்ரீசர் ஒன்றை நடுத்தர அளவில் வாங்குங்கள். அதை மைனஸ் 70-இல் ஓட விடுங்கள். மிச்சமாகும் பணத்தைத் தனி அலாரத்துக்கும், அவசரத்துக்கு மாற்றி வைக்கக் காலி இடத்துக்கும் செலவழியுங்கள். விற்பனைத் தாள்களில் எல்லா ஃப்ரீசரும் நன்றாகத்தான் குளிர்விக்கிறது. ஞாயிறு இரவு மின்சாரம் போனால் எது எவ்வளவு நேரம் தாங்கும், யாருக்குத் தகவல் போகும், திங்கட்கிழமை எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்பதில்தான் வித்தியாசம். நான் ஒப்பிடுவது அந்தக் கணக்கில்.

பழையதையே சரிசெய்தால்

இந்த ஃப்ரீசர்களில் பெரும்பாலானவை இரண்டடுக்கு முறையில் ஓடுபவை. அறை வெப்பத்திலிருந்து ஒரே தாவலில் மைனஸ் 80-க்குப் போக ஒரு சாதாரணக் கம்ப்ரசரால் முடியாது. அழுத்த வித்தியாசம் தாங்காது. அதனால் முதல் சுற்று நடுவிலுள்ள வெப்பப் பரிமாற்றியை மைனஸ் 40-ஐ ஒட்டிக் குளிர்வித்து வைக்கும். இரண்டாவது சுற்று உள்ளறையின் வெப்பத்தை எடுத்துவந்து அந்தப் பரிமாற்றியிடம் ஒப்படைக்கும். உள்ளறைச் சுவரைச் சுற்றி ஓடுவது இரண்டாவது சுற்றின் வாயு மட்டுமே. ஆகவே எந்தக் கம்ப்ரசர் போனாலும் உள்ளே குளிர் மொத்தமாகப் போகும். "இரண்டு கம்ப்ரசர் இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பார்த்துக்கொள்ளாது. ஒன்றையொன்று சாராத இரண்டு தனிச் சுற்றுகள் வைத்துக் கட்டிய மாடல்கள் வேறு வகை. பி.எச்.சி.பி.ஐ. நிறுவனத்தின் ட்வின்கார்டு அப்படிப்பட்டது. ஒரு சுற்று நின்றால் மற்றது மைனஸ் 65-ஐ ஒட்டிப் பிடித்து நிற்கும். அதற்கேற்ற விலையும் உண்டு.

ஒரு கம்ப்ரசர் எரிந்திருந்தால் அதன் எண்ணெயும் கெட்டிருக்கும். அந்த அழுக்கு நுண்குழாய்வரை போயிருக்கும். மற்ற கம்ப்ரசருக்கும் அதே வயது. ஒன்றை மாற்றிய சில மாதத்தில் இன்னொன்று மக்கர் செய்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அடுத்தது வாயு. பழைய ஃப்ரீசர்களில் பெரும்பாலும் முதல் சுற்றில் ஆர்-404ஏ, இரண்டாவதில் ஆர்-508பி அல்லது ஆர்-23 இருக்கும். கார்பன் டை ஆக்சைடை ஒன்று என்று வைத்தால், பூமியைச் சூடாக்கும் திறனில் ஆர்-404ஏ ஏறத்தாழ 3,900; ஆர்-508பி 13,000-ஐத் தாண்டும். பூமியைச் சூடாக்கும் குளிர்பதன வாயுக்களைக் குறைப்பதற்கான சர்வதேச உடன்பாடான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. இந்த வகை வாயுக்களின் அளவை 2028-இல் உறையவைத்து, 2032 முதல் படிப்படியாகக் குறைப்பதுதான் நமக்கான அட்டவணை. இன்று கம்ப்ரசர் மாற்றி இன்னும் எட்டு வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போடுபவர், எட்டாவது வருடம் கசிவு வந்தால் வாயு என்ன விலையில் கிடைக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

அப்புறம் கரண்ட் பில். பழைய, பெரிய ஃப்ரீசர் ஒன்று நாளுக்கு 20 யூனிட் இழுப்பது சாதாரணம். வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரில் தூசி அடைந்திருந்தால் இன்னும் கூடும். இன்றைய நல்ல மாடல்கள் 7 முதல் 10 யூனிட்டில் முடித்துக்கொள்கின்றன. யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பழையதற்கு வருடம் 58,000 ரூபாய்க்கு மேல். 10 யூனிட் ஃப்ரீசருக்கு 29,000 சொச்சம். இது பாதிக் கணக்குதான். ஃப்ரீசர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாக வந்து சேர்கிறது. நாளுக்கு 20 யூனிட் என்றால் 800 வாட்டுக்கு மேற்பட்ட ஹீட்டரை இரவு பகலாக எரிய விட்ட மாதிரி. அந்த வெப்பத்தை வெளியே தள்ள ஏ.சி. இன்னொரு முறை மின்சாரம் செலவழிக்கும்; ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். பில் கட்டுவது கல்லூரி நிர்வாகம், ஃப்ரீசர் துறையுடையது. அதனால் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

பழையதைச் சரிசெய்வது நியாயம் என்று நான் நினைக்கும் இடம் ஒன்றுதான்: வயது ஆறேழுக்குள், பழுது கம்ப்ரசரில் இல்லை, கட்டுப்பாட்டு அட்டை, விசிறி, ஸ்டார்ட் கெப்பாசிட்டர், கதவு ரப்பர் போன்றவற்றில் இருக்கிறது என்றால். அதைச் சரிசெய்யாமல் விடுவதுதான் வீண்.

புதிதில் இரண்டு வழிகள்

முதல் வழி, அதே இரண்டடுக்கு முறை, ஆனால் வாயு புரொப்பேனும் ஈத்தேனும். இயற்பியல் இங்கே நமக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42-இல், ஈத்தேன் கொதிப்பது மைனஸ் 89-இல். இரண்டு அடுக்குக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகின்றன. பூமியைச் சூடாக்கும் திறன் இரண்டுக்கும் பத்துக்கும் கீழே. "தீப்பிடிக்கும் வாயு ஆயிற்றே" என்று வாங்கும் குழுவில் யாராவது கேட்பார்கள். ஒரு சுற்றில் 150 கிராமைத் தாண்டாமல் வைப்பதுதான் வழக்கம். வீட்டுச் சமையலறையில் 14.2 கிலோ சிலிண்டர் வைத்துக்கொண்டு இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. காற்றோட்டமே இல்லாத சின்ன ஸ்டோர் ரூமில் வைக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது வழி ஸ்டிர்லிங். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற சிற்றூர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1964-இல் வில்லியம் பீல் வடிவமைத்த மிதவைப் பிஸ்டன் எஞ்சினிலிருந்து வந்தது இந்த வகை. கம்ப்ரசருக்குப் பதிலாக, ஹீலியம் அடைத்த உருளைக்குள் காந்த விசையில் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. எண்ணெய் கிடையாது, நின்று நின்று ஓடுவது கிடையாது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளறைக்குக் குளிரைக் கொண்டுபோவது ஈத்தேன் ஓடும் ஒரு குழாய். 780 லிட்டர் மாடல் நாளுக்கு 7 யூனிட்டை ஒட்டித்தான் இழுக்கிறது. 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும், ஸ்டார்ட் ஆகும்போது மின்னோட்டம் எகிறாது. மின்னழுத்தம் ஆடும் ஊருக்கு இது பெரிய வசதி.

அப்படியென்றால் ஏன் நான் முதல் வழியைச் சொல்கிறேன்? சர்வீஸுக்காக. இரண்டடுக்குக் கம்ப்ரசர் ஃப்ரீசரைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் சென்னையிலும் கோவையிலும் கிடைப்பார். நல்ல ரெஃப்ரிஜரேஷன் மெக்கானிக் ஒருவர் பாதியாவது புரிந்துகொள்வார். ஸ்டிர்லிங் எஞ்சின் போனால் யாரும் அதைத் திறப்பதில்லை, மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். அந்த மாற்று எஞ்சின் எந்த ஊர்க் கிடங்கில் இருக்கிறது என்று விற்பவர் எழுத்தில் தரட்டும். தந்தால், ஸ்டிர்லிங்கை நான் மறுக்க மாட்டேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் வேண்டாம்.

அளவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 700, 800 லிட்டர் ஃப்ரீசரில் இரண்டு அங்குலப் பெட்டிகள் ஐந்நூறுக்கு மேல் போகும். பெட்டிக்கு 81 குழாய் என்றால் 40,000 மாதிரிகள். ஒரு லிட்டருக்கு ஆகும் விலையும் மின்சாரமும் பெரியதில்தான் குறைவு. ஆனாலும் துறையின் எல்லா மாதிரிகளும் ஒரே கதவுக்குப் பின்னால் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. 500 லிட்டரை ஒட்டிய இரண்டு, வெவ்வேறு அறையில், வெவ்வேறு மின்சுற்றில் இருந்து, முக்கிய மாதிரிகளில் ஒரு பகுதி இரண்டிலும் இருந்தால் நிம்மதி. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதா? பக்கத்துத் துறையோடு பேசி, ஆளுக்கொரு அடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படுக்கை வகையா நிற்கும் வகையா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. படுக்கை வகையில் மூடியைத் திறந்தாலும் குளிர்க்காற்று கீழேயே தங்கும், பனியும் குறைவு. ஆனால் அடியில் உள்ள ரேக்கைத் தேட ஆள் தலைகீழாகத் தொங்க வேண்டும், தரையிலும் இரண்டு மடங்கு இடம் போகும். தினமும் திறப்பதென்றால் நிற்கும் வகை. வருடத்துக்கு நாலு முறை திறக்கும் சேமிப்பென்றால் படுக்கை வகை.

அரசு நிதியில் வாங்குபவர்களுக்கு ஒன்று. அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மோ டெண்டரோ, கடைசியில் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலைதான் ஜெயிக்கும். அதைக் குறைசொல்லிப் பயனில்லை, விவரக்குறிப்பில்தான் கவனம் வேண்டும். "நாளுக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது, அதற்கு மூன்றாம் தரப்புச் சோதனைச் சான்று வேண்டும்; வாயு ஹைட்ரோகார்பனாக இருக்க வேண்டும்; அறை 32 டிகிரியில் இருக்கும்போது காலி ஃப்ரீசர் மைனஸ் 80-இலிருந்து மைனஸ் 50-க்கு ஏற எத்தனை மணி நேரம் என்று காட்ட வேண்டும்; பழுது சொன்ன 48 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும்." இவ்வளவும் உள்ளே இருந்தால் எல்-1 நல்ல ஃப்ரீசராகத்தான் வரும். இல்லாவிட்டால் குடோனில் தேங்கிய பழைய மாடல் வரும்.

மைனஸ் 80-ஆ, மைனஸ் 70-ஆ?

ஒரு ரூபாய் செலவில்லாமல் எடுக்கக்கூடிய முடிவு இது. ஆனாலும் சண்டை அதிகம் வருவதும் இதில்தான். பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் "மைனஸ் 70-இல் சேமித்தோம்" என்றுதான் நிறைய இடத்தில் இருக்கும். பின்னால் ஃப்ரீசர் தயாரிப்பாளர்கள் மைனஸ் 80, மைனஸ் 86 என்று இறக்கிக்கொண்டே போனார்கள், நாமும் கூடவே இறங்கினோம். மாதிரிகள் கேட்டு நடந்த மாற்றமல்ல இது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் பல ஆய்வகங்கள் மைனஸ் 70-இல் எந்த மாதிரியை எத்தனை வருடம் வைத்திருக்கின்றன என்று ஒரு பொதுப் பட்டியலே தொகுத்திருக்கிறார்கள். ஃபைசரின் கோவிட் தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். எளிதில் சிதையும் எம்.ஆர்.என்.ஏ.தான் அதில் இருப்பது. அதன் லேபிளே மைனஸ் 90 முதல் மைனஸ் 60 வரை போதும் என்கிறது.

பத்து டிகிரி ஏற்றினால் மின்சாரம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவது பல ஆய்வகங்களின் அனுபவம். கம்ப்ரசர் ஓடும் நேரம் குறைவதால் ஆயுளும் கூடும். சித்திரை, வைகாசியில் ஏ.சி. நின்று அறை 38 டிகிரிக்கு ஏறும்போது, மைனஸ் 80-இல் வைத்த ஃப்ரீசர் ஓய்வே இல்லாமல் ஓடிச் சாகும். மைனஸ் 70-இல் வைத்தது கொஞ்சம் மூச்சு விடும்.

எதிர்வாதமும் வலுவானதுதான். மின்சாரம் போனால் கையில் இருக்கும் நேரம் குறையும். அறை 30 டிகிரி என்றால், மைனஸ் 80-இலிருந்து மைனஸ் 50-க்கு ஏற 5 மணி நேரம் ஆகும் ஃப்ரீசர், மைனஸ் 70-இலிருந்து கிளம்பினால் சுமார் மூன்றரை மணி நேரத்தில் அங்கே போய்விடும். நேரத்தில் பத்தில் மூன்று பங்கு இழப்பு. முதல் பத்து டிகிரிதான் வேகமாக ஏறும், ஏனென்றால் வெளியோடு வித்தியாசம் அப்போதுதான் அதிகம். ஜெனரேட்டர் தானாக எடுக்கும் வளாகத்தில் இந்த இழப்புப் பெரிய விஷயமில்லை. ஜெனரேட்டரே இல்லாத இடத்தில், நிறையக் காலி இடம் உள்ள ஃப்ரீசர் என்றால், முதலில் அந்தக் காலி இடத்தைத் தண்ணீர் உறைந்த பாட்டில்களால் நிரப்புங்கள். பொருள் நிறைய இருந்தால் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். அதன் பிறகு மைனஸ் 70-ஐப் பற்றி யோசிக்கலாம்.

எல்லாவற்றையும் இந்த ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். சுத்திகரித்த டி.என்.ஏ.வுக்கு மைனஸ் 20 போதும். தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் கூடாது. அது அவ்வப்போது தன்னைச் சூடாக்கிக்கொள்ளும்.

நைட்ரஜன் எப்போது?

உயிருள்ள செல்களை வருடக்கணக்கில் வைக்க வேண்டும் என்றால் மைனஸ் 80 போதாது. மைனஸ் 130-ஐ ஒட்டிய அளவுக்குக் கீழே போனால்தான் பனிப்படிக மாற்றங்கள் நடைமுறையில் நின்றுபோகும். அதற்குத் திரவ நைட்ரஜன்: மைனஸ் 196 டிகிரி, கம்ப்ரசர் இல்லை, மின்வெட்டு பற்றிய கவலை இல்லை. கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் உறைவிந்துக் குச்சிகள் வைத்திருக்கும் கேனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கரண்ட் இல்லாத இடத்திலும் வாரக்கணக்கில் தாங்கும்.

மின்சாரத்தைச் சார்ந்திருப்பது போய், நைட்ரஜன் வண்டியைச் சார்ந்திருப்பது வரும். அவ்வளவுதான் மாற்றம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2023 கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது 16 தொட்டிகளுக்கு நைட்ரஜன் போவது நின்றது. பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகள் அழிந்தன. இன்னொரு ஆபத்து மூச்சு. ஒரு லிட்டர் திரவம் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாக விரியும், மணமில்லை, அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் அளக்கும் கருவியும் கதவில் வென்டிலேட்டரும் இல்லாத அறையில் பெரிய தொட்டி வைக்கக் கூடாது. ஆகவே செல் வரிசைகளுக்கு (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் உயிருள்ள செல்களுக்கு) ஒரு சிறிய கேன், மற்றதெல்லாம் ஃப்ரீசரில் என்பதே சாதாரணத் துறைக்குச் சரி.

அலாரம்: பணம் போக வேண்டிய இடம்

2012 மே மாதம். ஹார்வர்டோடு இணைந்த மக்லீன் மருத்துவமனையின் மூளை வங்கியில் ஒரு ஃப்ரீசர் நின்றுபோனது. கிட்டத்தட்ட 150 மூளைகள் உருகின; அவற்றில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டிசம் ஆய்வுக்கானவை. இரண்டு அலாரங்கள் இருந்தன, இரண்டும் ஒலிக்கவில்லை. கதவைத் திறக்கும்போதும் வெளித்திரை மைனஸ் 79 என்றே காட்டியது. உள்ளே 7 டிகிரி, சுழியத்துக்கு மேலே.

2020 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்தின் ரென்சலியர் பாலிடெக்னிக்கில் நடந்தது இதற்கு நேரெதிர். அலாரம் ஒழுங்காக ஒலித்தது. பழுதுபார்க்க ஆள் வரக் காத்திருக்கிறோம், அணைக்காதீர்கள் என்று கதவில் தாளும் ஒட்டியிருந்தார்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவர் சத்தத்தைக் கேட்டு உதவி செய்வதாக நினைத்து மின்பெட்டியில் சுவிட்சைத் தட்டிவிட்டார். மைனஸ் 80-இல் இருந்தது மைனஸ் 32-க்கு ஏறியது. இருபது வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு போனது. பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்கும் நடந்தது. சுவிட்சுக்கு ஒரு பூட்டு போட்டிருந்தால் போதும்.

இந்த இரண்டையும் வைத்துத்தான் எந்த அலாரம் என்று முடிவெடுக்கிறேன். ஃப்ரீசரோடு வரும் அலாரம், ஃப்ரீசரின் சொந்த உணரியை நம்பியிருக்கிறது. அது பொய் சொன்னால் அலாரமும் சேர்ந்து பொய் சொல்லும். தனி உணரி, தனி பேட்டரி வேண்டும். வைஃபையில் செய்தி அனுப்பும் மலிவான கருவிகள் நிறைய வருகின்றன. மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், செய்தி போக வேண்டிய அந்த நேரத்தில்தான் அது ஊமையாகும். சிம் கார்டு போட்டு, மூன்று பேருக்காவது அழைப்பு விடுக்கும் கருவியே வாங்குங்கள். மூவரில் ஒருவர் வளாகத்துக்குள் குடியிருப்பவராக இருக்கட்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன் ஒருமுறை உணரியை வெளியே எடுத்துச் சோதியுங்கள்.

மாற்று இடத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அணைத்து வைத்த காலி ஃப்ரீசர் மாற்று ஏற்பாடு ஆகாது. அது மைனஸ் 80-க்கு இறங்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். ஓடிக்கொண்டிருக்கும் காலி இடம்தான் மாற்று. மூன்று நான்கு துறைகள் சேர்ந்து ஒன்றை மைனஸ் 60-இல் ஓட்டினால் செலவு தலைக்குக் கொஞ்சம்தான்.

பராமரிப்பு ஒப்பந்தம்

ஏ.எம்.சி. என்றால் ஆள் வருவார், பாகத்துக்குத் தனிக் காசு. சி.எம்.சி. என்றால் பாகமும் சேர்த்து. உத்தரவாதம் முடிந்த முதல் மூன்று நான்கு வருடம் ஏ.எம்.சி. போதும், ஏழெட்டு வருடம் தாண்டியதும் சி.எம்.சி. கேட்டால் நிறுவனமே தயங்கும். அந்தத் தயக்கமே மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு நல்ல அறிகுறி. எந்த ஒப்பந்தத்திலும் கம்ப்ரசரும் வாயுவும் அடங்குமா என்று மட்டும் உற்றுப் பாருங்கள். சிறிய எழுத்தில் அவற்றைத்தான் விலக்கியிருப்பார்கள்.

ஒப்பந்தம் எதுவானாலும், மாதாந்திர வேலை ஆய்வகத்தினுடையது. முன்பக்க ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுவது. கண்டென்சர் தகடுகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது. கதவு ரப்பரில் படிந்த பனியை மரச் சீவுகோலால் தள்ளுவது. கத்தி வேண்டாம், ரப்பர் கிழியும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம், பனியும் சீக்கிரம் சேரும். வருடம் ஒருமுறை முழுதாகக் காலிசெய்து பனி நீக்கத்தான் வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, நல்ல ஸ்டெபிலைசர், மின்சாரம் வந்ததும் சில நிமிடம் பொறுத்து ஓடும் தாமத ஏற்பாடு ஆகியவை மூன்றும் கட்டாயம். கரண்ட் போய்ப் போய் வரும் மாலையில், அழுத்தம் இறங்குவதற்குள் மறுபடி கிளம்ப முயன்றுதான் நிறையக் கம்ப்ரசர்கள் போகின்றன.

புதியது வந்து இறங்கிய அன்றே பெட்டிகளை அடுக்க வேண்டாம். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டு, பிறகு காலியாக இரண்டு நாள் ஓட்டி, தனி உணரியின் வரைபடம் நேராக நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு ஓரடுக்காக உறைந்த பெட்டிகளை மட்டும் ஏற்றுங்கள். பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் வாயுவை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளறையைக் கிருமிநீக்கம் செய்ததற்கான தாள் ஒன்றும் கோப்பில் இருக்கட்டும், இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கும்போது தணிக்கையாளர் கேட்பார்.